கை நனைக்காத சம்பந்தி

எங்கள் கோவில்பட்டிப் பக்கத்தில் பெண் பார்க்கப் போகிறவர்கள் அந்த வீட்டில் காபி குடிப்பார்கள். பலகாரத்தில் ஒன்றிரண்டு எடுத்து வாயில் போட்டுக்கொள்வார்கள். ஆனால் உட்கார்ந்து சோறு சாப்பிட மாட்டார்கள். பேச்சு முடிந்து, இந்தப் பெண் இந்தப் பையனுக்குத்தான் என்று ஆன பிறகு, வேறொரு நாளில்தான் சாப்பாடு. அதைக் கை நனைப்பது என்போம். கை நனைத்துவிட்டால் உறவு. அந்த நாளில் நனைக்காமல் எழுந்து போனால், வாயைத் திறந்து ஒன்றும் சொல்லாவிட்டாலும், உங்கள் சம்பந்தம் வேண்டாம் என்று சொன்ன மாதிரிதான்.

இந்த வழக்கத்தை மூட்டை கட்டிக்கொண்டு நாங்கள் தில்லிக்கு வந்தோம். என் வீட்டுக்காரருக்கு இங்கே சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் ஃபைல் தூக்குகிற வேலை. ஜனக்புரியில் இரண்டாவது மாடியில் வாடகை வீடு. நான் எட்டாவது வரை படித்தவள். இந்தி பேசுவேன், ஆனால் ஆண்பால் பெண்பால் எல்லாம் என் வாயில் வந்தபடிதான் வரும். காய்கறிக்காரரிலிருந்து எல்லோரும் புரிந்துகொண்டு சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அதனால் ஒரு காரியமும் நின்றது கிடையாது.

எங்களோடு என் கொழுந்தனும் இருந்தான். மாமனார் மாமியார் இருவரும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்ததும், பள்ளிக்கூடம் முடித்த கையோடு இவனை இவர் இங்கே அழைத்து வந்துவிட்டார். சாயங்காலக் கல்லூரியில் படித்து, கன்னாட் பிளேஸ் பக்கம் ஒரு கம்பெனியில் கணக்கு வேலையில் சேர்ந்தான். நான் பெறாமலே என் கையால் சோறு சாப்பிட்டு வளர்ந்த பிள்ளை அவன். 'மதினி' என்று அவன் கூப்பிட்டால் எனக்கு வயிற்றிலிருந்து ஒரு சந்தோஷம் வரும்.

ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவன் சாம்பாரைக் கரண்டியால் கிளறிக்கொண்டே கேட்டான்.

"மதினி, உங்களுக்கு ராஜ்மா வைக்கத் தெரியுமா?"

"எதுக்குல?"

"சும்மாதான். நல்லா இருக்கும்னு சொன்னாக."

"யாரு சொன்னா?"

அவன் காது சிவந்தது. எங்கள் வீட்டில் யாருமே அதுவரை ராஜ்மா என்கிற அந்த வடக்கத்திச் சிவப்புப் பயற்றைத் தொட்டதில்லை. எனக்குப் பாதி புரிந்துவிட்டது. மீதியை ரசம் ஊற்றும்போது வாங்கிவிட்டேன். கூட வேலை பார்க்கிற பஞ்சாபிப் பெண். திலக் நகரில் வீடு. அப்பாவுக்கு ஸ்கூட்டர் சாமான் கடை. நல்ல பெண், சிரித்த முகம், சிவன் கோயிலுக்குத் திங்கட்கிழமை தவறாமல் போகிறவள். இதைக் கடைசியாகச் சொன்னான், எனக்குப் பிடிக்கும் என்று தெரிந்துதான்.

வீட்டுக்காரரிடம் நான்தான் சொன்னேன். அவர் இரண்டு நாள் பேப்பருக்குள்ளேயே முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "சாமிகிட்ட பூ கேட்டுப் பாரு" என்றார். அவருக்கு மனதில் இருந்ததோ இல்லையோ, பொறுப்பை முருகன் தலையில் வைத்துவிட்டார். நான் குளித்து, வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி, படத்துக்கு முன்னால் போட்டு, பக்கத்து வீட்டுச் சின்னப் பாப்பாவை ஒன்றை எடுக்கச் சொன்னேன். வெள்ளை வந்தது. 'சாமியே சரின்னுட்டா நான் யாரு?' என்று இவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

கொழுந்தன் அடுக்களைக்குள் வந்து மெதுவாகக் கேட்டான். "மதினி, சிவப்பு வந்திருந்தா?"

"மறுபடி கேட்டிருப்பேன்" என்றேன். "முருகன் குறத்தியைத் தேடிக் காட்டுக்குப் போய்க் கட்டினவரு. உன் விசயத்துல வேண்டாம்னு சொல்லுவாரா?"

அந்த ஞாயிற்றுக்கிழமையே திலக் நகருக்குப் போனோம். கிளம்பும் முன் செருப்பை மாட்டிக்கொண்டே இவர் சட்டம் போட்டார். "டீத்தண்ணி குடிக்கலாம். சாப்பாட்டுல கை நனைக்கக் கூடாது. பேசி முடிச்சுட்டு நம்ம வீட்டுல வச்சு நனைப்போம். முறைன்னு ஒண்ணு இருக்குல்லா?"

அங்கே போனால் ஒரு மேசை நிறையச் சாப்பாடு. பட்டூரா பந்து மாதிரி உப்பிக்கொண்டு வருகிறது. பனீர், புலாவ், தயிர் வடை, குலாப் ஜாமூன். பெண்ணின் அம்மா நெய் வாசனையோடு சமையலறைக்கும் கூடத்துக்கும் ஓடிக்கொண்டே இருந்தார். வாட்டசாட்டமான மனுஷி. சிரித்தால் வீடே சிரிக்கும். பெண்ணைப் பார்த்தேன். எனக்கு வேறொன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை. என் கொழுந்தனைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டே எனக்குத் தலையணை எடுத்து முதுகுக்கு வைத்தாள். பெண்ணின் அப்பா என் வீட்டுக்காரரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். இவர் ஒல்லி. ஒரு நிமிஷம் இவரைக் காணவே காணோம்.

எல்லாம் பேசிச் சம்மதமாயிற்று. ஆனால் சாப்பாட்டில் நாங்கள் கை வைக்கவில்லை. 'இன்னொரு நாள், இன்னொரு நாள்' என்று கும்பிட்டுக்கொண்டே எழுந்துவிட்டோம். கொழுந்தன் அந்த பட்டூராவைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. வாசல் வரை வந்த பெண்ணின் அம்மா முகம் சுருங்கிப் போயிருந்தது. முறையைத்தான் காப்பாற்றினோம் என்று நாங்கள் நிம்மதியாக ரிக்‌ஷா ஏறினோம்.

அடுத்த ஞாயிறு அவர்கள் எங்கள் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. கை நனைக்கிற நாள். கரோல் பாக் தமிழ்க் கடையிலிருந்து வாழை இலை வாங்கி வந்தார் இவர். சாம்பார், வத்தக்குழம்பு, அவியல், உளுந்த வடை, பருப்புப் பாயசம். விடியற்காலையில் தண்ணீர் வரும்போதே எழுந்து, எல்லாவற்றையும் சாமி பேரைச் சொல்லிக்கொண்டே செய்தேன். அன்றைக்கு வடையில் ஓட்டை நடுவிலேயே விழுந்தது. நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூன் மாத வெயில். அப்பா, அம்மா, பெண்ணின் தாய்மாமன் மூவரும் மாடிப்படி ஏறி வந்தார்கள். பெண் வரவில்லை. கல்யாணத்துக்குத் துணி எடுக்க லூதியானாவில் அத்தை வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றார்கள். பழக்கூடை, மிட்டாய்ப் பெட்டிகள், சிவப்புத் துணி போட்டு மூடிய பெரிய பித்தளைத் தட்டு என்று கை நிறையக் கொண்டுவந்திருந்தார்கள். அவர்கள் உட்கார்ந்ததும் கரண்ட் போயிற்று. கூலர் ஒரு மூச்சு விட்டு நின்றது.

நான் தண்ணீர் கொண்டுபோனேன். பெண்ணின் அப்பா கும்பிட்டார். "பஸ், பஸ், பஹன்ஜி" என்றார். போதும் தங்கச்சி, ஒன்றும் வேண்டாம் என்று அர்த்தம்.

"ஷர்பத்தாவது?"

"நஹி ஜி. வயிறு நிறைஞ்சிருக்கு."

இலை போட்டேன். மூவரும் இலையைப் பார்த்து, எவ்வளவு அழகு என்றார்கள். சாப்பாட்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக வணங்கினார்கள். ஆனால் ஒருவரும் உட்காரவில்லை. தாய்மாமன் மட்டும் வடையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் அக்கா அவரை முழங்கையால் இடித்தார். பெண்ணின் அப்பாவுக்கு வேர்வை கழுத்திலிருந்து சட்டைக்குள் ஓடுகிறது. உதடு காய்ந்திருக்கிறது. ஆனாலும் டம்ளரைத் தொடவில்லை. என் வீட்டுக்காரர் ஒருமுறை சொன்னார், இரண்டாம் முறை சொன்னார். மூன்றாம் முறை சொல்லவில்லை. அவர் முகத்தில் ஒரு கதவு சாத்திக்கொண்டதை நான் பார்த்தேன்.

அவர்கள் இறங்கிப் போனதும் இரண்டு பேரும் பால்கனிக்குப் போய் நின்றோம். கீழே தெருமுனையில் குளிர்ந்த தண்ணீர் விற்கிற தள்ளுவண்டி நின்றிருந்தது. பெண்ணின் அப்பா நேரே அங்கே போனார். ஒரு கிளாஸ் வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். இன்னொன்று வாங்கினார்.

"பாத்தியா?" என்றார் என் வீட்டுக்காரர். "ரோட்டுத் தண்ணி தொண்டையில எறங்குது. நம்ம வீட்டுத் தண்ணி எறங்கல."

அந்த நேரம் பெண்ணின் அப்பா தலையை நிமிர்த்தி எங்களைப் பார்த்துவிட்டார். கையில் கிளாஸ். திருடின பிள்ளை மாதிரி அப்படியே நின்றார். பிறகு கிளாஸோடு சேர்த்துக் கையைக் கூப்பினார். இவர் உள்ளே போய்விட்டார்.

"அன்னைக்கு நாம அங்க சாப்பிடலைல்லா, அதுக்குப் பழி வாங்கிட்டுப் போறாக" என்றார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "இல்லைன்னா நம்ம வீடு அவுகளுக்கு எளப்பமா இருக்கு. கடைக்காரரு வீட்டுப் பொண்ணு, ஃபைல் தூக்குதவன் தம்பிக்கு எப்படி? வேண்டாம்னு வாயால சொல்ல மனசில்லாம இப்படிச் செஞ்சிருக்காக. தட்டைத் திருப்பி அனுப்பிரு. இந்தச் சம்பந்தம் வேண்டாம்."

"அண்ணே..." என்றான் கொழுந்தன்.

"நீ பேசாத. அவ வீட்டுக்குப் போனும் போடாத. அப்பா இருந்திருந்தா இந்த அவமானம் அவருக்கு வந்திருக்கும். இப்ப எனக்கு."

அந்தக் கடைசி வார்த்தையில்தான் எனக்கு விஷயம் விளங்கிற்று. அவருக்குக் கோபம் இல்லை, புண். அப்பா இடத்தில் உட்கார்ந்து முதல்முறையாக ஒரு பெரிய காரியம் செய்தார். அதில் தோற்றுவிட்டோம் என்று நினைத்துவிட்டார். கொழுந்தன் இலைக்கு முன்னால் உட்கார்ந்தான். சோற்றைப் பிசைந்தான். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. அண்ணன் பேச்சை மீறுகிற பிள்ளை இல்லை அவன். மீறாமலே உள்ளுக்குள் செத்துப் போவான் என்று எனக்குப் பயமாக இருந்தது.

எனக்கும் வயிறு எரிந்தது என்பது உண்மைதான். அத்தனை சமைத்த கையாயிற்றே. தட்டைத் துடைக்கும்போதெல்லாம் மனசுக்குள் அந்த அம்மாவோடு சண்டை போட்டேன். அந்தச் சண்டையில் என் இந்தி சுத்தமாக வந்தது. ஆனால் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த மனிதர் கிளாஸோடு கை கூப்பியது. அவமதிக்க வந்தவர் அவமதித்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பாரா? பார்த்தாலும் அப்படிக் கூசிப் போவாரா? சாமி விளக்கேற்றும்போது முருகனிடம் கேட்டேன். 'அப்பனே, எனக்கு ஒண்ணும் விளங்கலை. காரணம் தெரிஞ்ச பொறகு மன்னிக்கிறது எல்லாரும் செய்யுததுதானே. தெரியுததுக்கு முந்தியே கொஞ்சம் மன்னிச்சுட்டுப் போய்க் கேக்க எனக்குத் தெம்பு கொடு' என்றேன். எட்டாவது படித்தவளுக்கு அவ்வளவுதான் வேண்டத் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை இவர் ஆபீஸ் போனதும் பித்தளைத் தட்டை எடுத்தேன். திருப்பி அனுப்பு என்றுதானே சொல்லியிருக்கிறார்? அவர் பேச்சைத் தட்டவில்லை. ஆனால் கொடுத்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது. அதுவும் முறைதான். தட்டு நிறைய முறுக்கும், வெற்றிலைபாக்கும், மஞ்சள் குங்குமமும், இரண்டு முழம் மல்லிகையும் வைத்து அதே சிவப்புத் துணியால் மூடினேன்.

ஆபீசுக்கு லீவு போட்டுப் படுத்திருந்த கொழுந்தன் எழுந்து வந்து நின்றான். "மதினி, நானும் வாரேன்."

"நீ வந்தா அழுவ. பொம்பளைக பேசுத எடம். குளிச்சுட்டு ரெண்டு தோசை ஊத்தித் தின்னு."

திலக் நகரில் கதவைத் திறந்த பெண்ணின் அம்மா என்னையும் தட்டையும் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. தட்டு திரும்பி வந்தால் என்ன அர்த்தம் என்பது எல்லா ஊரிலும் ஒன்றுதான். நான் அவசரமாகத் துணியை எடுத்துக் காட்டினேன். மல்லிகை வாசனை வந்தது. அவருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

உள்ளே உட்கார வைத்துவிட்டு, "டீ சாப்பிடுவீங்களா?" என்றார் தயங்கித் தயங்கி. போன தடவை நாங்கள் செய்தது அப்படி.

"டீ வேண்டாம். சாப்பாடு போடுங்க. பசிக்குது" என்றேன்.

என் வாயா சொன்னது என்று எனக்கே ஆச்சரியம். அன்றைக்கு அவர் வீட்டில் ராஜ்மாதான். சோற்றில் ஊற்றிக் கையால் பிசைந்து, நன்றாக நனைத்தே சாப்பிட்டேன். என் வீட்டின் சார்பாக நான் கை நனைத்துவிட்டேன், இனி இது உறவு, ஆவது ஆகட்டும் என்று நினைத்துக்கொண்டே சாப்பிட்டேன். நல்ல ருசி. பையன் சொன்னதில் தப்பில்லை.

அவர் என் எதிரில் உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "பஹன்ஜி, அன்னைக்கு நீங்க ஒரு வாய் கூடச் சாப்பிடலை. எங்க வீட்டுக்காரர் ராத்திரி தூங்கலை. நம்ம சமையல் மதராஸிகளுக்குப் பிடிக்கலையோ, நம்மையே பிடிக்கலையோன்னு."

நான் கை நனைக்கிற கதையைச் சொன்னேன். பாதி இந்தி, பாதி சைகை. அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "மரியாதைக்கா சாப்பிடலை? ஹே பக்வான்!"

"அப்போ நீங்க?" என்றேன். "எங்க வீட்டுல ஒரு மடக்குத் தண்ணி கூட ஏன் குடிக்கலை? எங்க வீட்டுல என்ன குறை?"

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. என்னை உற்றுப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியாதா? இத்தனை வருஷமா தில்லியில இருக்கீங்க!"

"என்ன தெரியணும்?"

"அரே, நம்ம பொண்ணு வாழப் போற வீட்டுத் தண்ணியை நாம எப்படிக் குடிக்கிறது? பொண்ணு லட்சுமி. அவளை தானமா கொடுத்துட்டோம். கொடுத்த இடத்துல கை நீட்டி எதுவும் வாங்கலாமா? பாவமில்லையா? எங்க மாமனார் அவர் மகள் வீட்டுல கடைசி வரை ஒரு சொட்டுத் தண்ணி குடிச்சதில்லை. உங்க வீட்டுல குடிக்கலைன்னா அதுக்கு என்ன அர்த்தம்? எங்க மனசுல கல்யாணமே முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம்!"

நெற்றியில் அடித்துக்கொண்டேன். எச்சில் கை என்பது கூட மறந்துவிட்டது. அவரும் நெற்றியில் அடித்துக்கொண்டார். பிறகு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில், கீழே கடையிலிருந்து பெண்ணின் அப்பா ஏறி வந்துவிட்டார், என்னவோ ஏதோ என்று. நெற்றியில் சோற்றுப் பருக்கையோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துத் திகைத்தார்.

அவரிடம் எல்லாம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். "என் மகளைக் கொடுக்க வந்த வீட்டை நான் அவமதிப்பேனா? பாயீ சாப், உங்க வீட்டுக்காரர், அப்படியா நினைச்சார்?" என்றார். கண் கலங்கிவிட்டது. "ஆனா பஹன்ஜி, அந்த வழக்கத்தை என்னால உடைக்க முடியாது. என் அப்பா காப்பாத்தினது."

"நீங்க உடைக்க வேண்டாம்" என்றேன். "ஆனா எங்க வீட்டுக்காரருக்கும் கை நனைக்காம மனசு ஆறாது. அதுவும் அவங்க அப்பா காப்பாத்தினதுதான்."

இரண்டு அப்பாக்கள், இரண்டு பேரும் சாமியிடம் போய்ச் சேர்ந்தவர்கள், நடுவில் நின்றுகொண்டு விட மாட்டேன் என்கிறார்கள். அப்போதுதான் எனக்கு அது தோன்றியது. நானாக யோசித்தேன் என்று சொல்ல மாட்டேன். செவ்வாய்க்கிழமை, முருகன் நாள். அவர்தான் வாயில் போட்டார்.

"கோயில்ல சாப்பிடலாமா?" என்றேன். "அது எங்க வீடும் இல்லை, உங்க வீடும் இல்லை. சாமி வீட்டுப் பிரசாதம். அதை வேண்டாம்னு சொன்னாத்தானே பாவம்?"

பெண்ணின் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "எந்த சாமி?"

"முருகன். நீங்க கார்த்திகேயன்னு சொல்லுவீங்க. இங்க தில்லியிலயே ஒரு குன்று மேல இருக்காரு."

பெண்ணின் அம்மா பதறினார். "கார்த்திகேய சுவாமியா? பொம்பளைங்க போகலாமா? எங்க பக்கம் அவர் பிரம்மச்சாரியாச்சே!"

"எங்க பக்கம் ரெண்டு பொண்டாட்டி" என்றேன்.

"ரெண்டா!" என்று வாயில் கை வைத்தார். பிறகு கணவனைத் திரும்பிப் பார்த்து, "உங்களுக்கு அந்தக் கோயில் வேண்டாம் ஜி" என்றார். அப்போதுதான் அவர் சிரித்தார்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்ததும் காபியைக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தட்டைக் கொண்டுபோனது, நான் கை நனைத்தது, எல்லாம். கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் டம்ளரைப் பிடித்தபடி கூலரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ அந்த மனுசன் அன்னைக்கு தாகத்தோடயா நின்னாரு?" என்றார். "கரண்டும் இல்லியே. அந்த வேக்காட்டுல."

"ஆமா."

"நான் மூணாவது தடவை கேக்கக்கூட இல்லியே, ஏட்டி."

காபியை முடிக்கவில்லை. எழுந்து போய்க் கொழுந்தன் படுத்திருந்த அறை வாசலில் நின்று, "எந்திச்சு முகத்தைக் கழுவுல. உன் மாமனாருக்குப் போன் போட்டுக் கொடு. எனக்கு இந்தி தடுமாறும்" என்றார். அந்தப் பையன் கட்டிலிலிருந்து இறங்கிய வேகத்தில் தலையணை தரையில் விழுந்தது.

கிருத்திகை அன்று எல்லோரும் கோயிலில் கூடினோம். பெண்ணும் லூதியானாவிலிருந்து வந்துவிட்டாள், மஞ்சள் நிறச் சல்வாரில். அத்தனை படி ஏறி வந்த மூச்சிரைப்போடு பெண்ணின் அம்மா சன்னதியில் முருகனையும் இரண்டு பக்கத்துத் தேவிகளையும் மாறி மாறிப் பார்த்துக் கும்பிட்டார். இரண்டு வீட்டுப் பேரிலும் ஒரே அர்ச்சனை. குருக்கள் நட்சத்திரம் கேட்டதற்கு அவர்களுக்குத் தெரியவில்லை. முருகன் நட்சத்திரத்தையே சொல்லிவிடுங்கள் என்று நான் சொன்னேன்.

மடப்பள்ளியிலிருந்து தொன்னையில் புளியோதரை வந்தது. மண்டபத்துத் தூண் ஓரமாக வரிசையாக உட்கார்ந்தோம். என் வீட்டுக்காரர் ஒரு தொன்னையை இரண்டு கையாலும் எடுத்துப் பெண்ணின் அப்பாவிடம் நீட்டினார். அவர் அதைக் கண்ணில் ஒற்றி, எங்களைப் பார்த்துக்கொண்டே கையால் எடுத்து வாயில் போட்டார். இவரும் போட்டார். கை நனைந்தது.

மறு நிமிஷம் பெண்ணின் அப்பா இருமத் தொடங்கினார். புளியோதரையில் இருந்த வறுத்த மிளகாய்த் துண்டைக் கடலை என்று நினைத்துக் கடித்துவிட்டார். முகம் சிவந்து, கண்ணில் நீர் கொட்டி, விக்கல் பிடித்துக்கொண்டது. என் வீட்டுக்காரர் எழுந்து ஓடினார். செருப்பில்லாத காலோடு, வெயிலில் கொதித்த கல் தரையில் குதித்துக் குதித்து ஓடி, கோயில் குழாயிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து நீட்டினார்.

பெண்ணின் அப்பா சொம்பைப் பார்த்தார். அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். அது மாப்பிள்ளை வீட்டுக் கை. ஒரு விக்கல், இன்னொரு விக்கல்.

"சாமி தண்ணி, பாயீ சாப்" என்றார் என் வீட்டுக்காரர், தடுமாறாத இந்தியில். "நான் சும்மா தூக்கிட்டு வந்தேன். எனக்கு வேலையே தூக்குறதுதான்."

அவர் வாங்கி, சொம்பைக் கவிழ்த்துக் குடித்தார். இவர் அவர் உச்சந்தலையில் பிள்ளைக்குத் தட்டுகிற மாதிரித் தட்டிக்கொண்டிருந்தார். வள்ளியிடம் தினைமாவு வாங்கித் தின்று விக்கல் எடுத்து, தண்ணீர் தண்ணீர் என்று தவித்த சாமி உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருக்குத் தெரியாத தாகமா? எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. தாய்மாமன் மட்டும் இதொன்றையும் கவனிக்காமல் மூன்றாவது தொன்னைக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. தாலியும் உண்டு, அக்னியைச் சுற்றி வந்ததும் உண்டு. மாப்பிள்ளை குதிரையில் ஏறிய கதை தனி.

நான் பெரிய விஷயம் தெரிந்தவள் இல்லை. ஆனால் இதற்குப் பிறகு ஒரு மனிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டால், ஒரு வார்த்தை குறைத்துப் பேசினால், உடனே எனக்குக் கோபம் வருவது குறைந்துவிட்டது. அந்த மனிதருக்குள் எந்த அப்பா நிற்கிறாரோ, எந்த தாகத்தை அடக்கிக்கொண்டு நிற்கிறாரோ என்று தோன்றும். அன்பு என்றால் அள்ளிக் கொடுப்பது என்றுதான் சின்ன வயதிலிருந்து நினைத்திருந்தேன். வாங்கிக்கொள்ளாமல் இருப்பதிலும் அது இருக்கும் என்று திலக் நகர்க்காரர்கள்தான் எனக்குக் காட்டினார்கள்.

இப்போதும் சம்பந்தி எங்கள் வீட்டுக்கு வருகிறார். மகளைப் பார்ப்பார், பேரனைத் தூக்கிக் கொஞ்சுவார், இவரோடு அரசியல் பேசி இரண்டு பேரும் கத்துவார்கள். தண்ணீர் மட்டும் குடிக்க மாட்டார். நானும் கேட்பதில்லை. ஃபேனுக்கு நேர் கீழே நாற்காலி போடுவேன். கரண்ட் போனால் விசிறியை எடுத்துக்கொண்டு உட்காருவேன். அவர் இருக்கிற வரை என் வீட்டுக்காரரும் ஒரு சொட்டுத் தண்ணீர் தொடுவதில்லை. யாரும் அவரிடம் சொல்லவில்லை, அவராகவே ஆரம்பித்துக்கொண்டார். விருந்தாளி தாகத்தோடு இருக்கும்போது எனக்கு எப்படி இறங்கும் என்பார். மே, ஜூன் மாதங்களில் கூட அப்படித்தான். இரண்டு பேரும் வறண்ட தொண்டையோடு கிரிக்கெட் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள்.

சம்பந்தி விடைபெற்று, ஸ்கூட்டர் கிளம்புகிற சத்தம் கேட்டு அடங்கியதும் கூடத்திலிருந்து ஒரு குரல் வரும்.

"ஏளா, சீக்கிரம் தண்ணி கொண்டா! பெரிய சொம்புல!"